மலையேறின ஃபைல்

சிவசோதிக்கு டண்டினோங்கில ஒரு இறைச்சிக் கொம்பனியின்ர ஐஸ் ரூமில வேலை. உறைஞ்ச இறைச்சிப் பெட்டிகளுக்கு நடுவில எட்டு மணித்தியாலம். அந்த ரூம் கதவில ஒரு பழைய கலண்டர் படம் ஒட்டி வைச்சிருந்தான்: நியூசிலாந்தின்ர தரனாக்கி எரிமலை, தலை நிறையப் பனி. "இதைப் பாத்தா குளிரும் வடிவாத்தான் இருக்கு மச்சான்" எண்டுவான். விசரன்.

இந்த நாட்டுக்கு அகதியாப் படகில வந்தவன். பதினொரு வருசமாத் தற்காலிக விசா; நாட்டை விட்டுப் போனால் திரும்பி வரேலாது. அக்காவின்ர கலியாணத்தையே ஃபோனிலதான் பாத்தவன். போன வருசம் நிரந்தர விசா கிடைச்சுது. நோபல் பார்க்கில அவனோட ஒரே வீட்டில இருக்கிற நான், இந்திரகுமார், உடனே நியூசிலாந்துக்கு ரெண்டு டிக்கெற் போட்டன். மூண்டு நாள் லீவு, ஒரு கூடாரம், அந்த மலை.

அவனுக்கு ரெண்டு கிழமையா நித்திரையில்லை. சாப்பிடேக்கையும் அதே கேள்வி: "திரும்பி வர விடாட்டி?"

"பேப்பர் எல்லாம் சரியாக் கிடக்கு. வாயை மூடிக்கொண்டு வா."

அங்க போய் இறங்கி மலை ஏறத் தொடங்கினம். பாசி தொங்கிற மரங்கள், வழி முழுக்கப் பனிப்புகார். நடக்கிறமோ மிதக்கிறமோ எண்டு தெரியேல்லை. இவன் மட்டும் பத்தடிக்கு ஒருக்கா நிண்டு மூச்சு வாங்கினான். பையைப் பறிச்சுத் திறந்தன். கடவுளே! முழு ஃபைலும். பதினொரு வருசக் கடிதங்கள், விசாரணைத் தாள்கள், காஸ் பில்லும் சேத்து.

"ஆரும் கேட்டா?"

"மலையில ஆரடா கேக்கிறது!" நல்லா ஏசினன். பிறகு அந்தப் பையை நானே தோளில காவினன்.

பின்னேரம் மேல இருந்த மரக்குடிலடிக்கு வந்து கூடாரம் அடிச்சம். அப்பதான் புகார் விலகிச்சுது. மலை வந்து முன்னால நிண்டுது. வெயில் பட்டுப் பனியெல்லாம் ரோஸ் நிறம். பக்கத்துக் குளத்துக்குள்ள இன்னொரு மலை தலைகீழாக் கிடந்தது. சிவசோதி கதவுப் படத்தைத் தடவிற மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு நிண்டான்.

குடிலுக்குள்ள ஒரு கொப்பி. வாற எல்லாரும் விவரம் எழுத வேணும், ஆரும் துலைஞ்சால் தேடுறதுக்கு. சிவசோதி ஃபைலை விரிச்சு வைச்சு, தன்ர பெயரையே ஒவ்வொரு எழுத்தாப் பாத்து எழுதினான். முந்தி விசாரணையில ஒரு திகதியைப் பிழையாச் சொல்லி ரெண்டு வருசம் இழுபட்டவன், பாவம். கொப்பியின்ர கடைசிக் கட்டத்தில பேனை நிண்டிட்டுது.

"மச்சான், ஏன் வந்தனீங்கள் எண்டு இதில கேக்கேல்லை. இனி எங்க போறீங்கள் எண்டுதான் கேக்கிறாங்கள்."

"எழுதன்."

பிறகு ஃபைலைப் பாக்காமலே எழுதினான்: நோபல் பார்க், வீடு.

எழும்பி மலையைப் பாக்கப் போயிட்டான். ஃபைல் கதிரையிலேயே கிடந்தது. நான்தான் எடுத்து வைச்சன்.