மடியில் ஒரு லாரி

டிரைவிங் ஸ்கூலில் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் பிரேக் மேடம். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அந்தக் காரில் ஒழுங்காக உழைத்த ஒரே பொருள் அதுதான். பிரேக் போடலாமா என்று நாம் யோசிக்கத் தொடங்கும்போதே அவர் கால் போட்டு முடித்திருக்கும். தெருமுனையில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறித்தாலே வண்டி நின்றுவிடும். அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்க்கிற நான், ஐம்பது வயதுக்கு மேல், ஏதோ ஒரு அசட்டுத் தைரியத்தில் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னைவிட நாலு வயது சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவரும் என்னை மேடம் என்பார். மேடமும் மேடமுமாக ஆறு மாதம் சுற்றியும் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை.

நாளெல்லாம் என்னைப் போன்றவர்கள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் இந்த அம்மாள், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிறார். விளையாட்டுதான், ஆனால் அவர் விளையாட்டு என்று சொல்லமாட்டார், டியூட்டி என்பார். மேசையில் ஒரு ஸ்டியரிங்கைத் திருகி மாட்டியிருக்கிறார், கீழே பெடல் வைத்திருக்கிறார். சரக்கு ஏற்றிக்கொண்டு பனிமலையில் புறப்பட்டுக் கடற்கரை வரைக்கும் போக வேண்டுமாம். நான் சிரித்ததற்குத் தண்டனையாக அன்றைக்கு ஒரு முழுத் தெருவையும் ரிவர்ஸிலேயே போகவைத்தார். இரண்டு நாள் எனக்குக் கழுத்து திரும்பவில்லை.

அவர் தன் அக்காவைப் பற்றிச் சொன்ன பிறகுதான் நான் சிரிப்பதை நிறுத்தினேன். அக்கா கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்ப் பல வருஷம் ஆகிறது. போனில் பேசினால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே மழையா, மழை இல்லை, அவ்வளவுதான். பிறகு ஒருவர் மூச்சுவிடுவதை இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். லாரியில் அப்படி இல்லை. அக்காவும் அதே விளையாட்டை வாங்கி வைத்திருக்கிறார். சனிக்கிழமை ஆறு மணிக்கு இருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முன்னும் பின்னுமாக லாரி விடுவார்கள். அங்கே அது காலை நேரம், இங்கே ஏழு அடிக்கும்போது அக்கா வேலைக்குக் கிளம்பிவிடுவார். அந்த ஒரு மணி நேரத்தில் மாமியார் கதை, முழங்கால் வலி, சின்ன வயதில் ஒரே சைக்கிளுக்கு அடித்துக்கொண்டது எல்லாம் வெளியே வரும். "போன்ல பேச எங்களுக்கு வராது மேடம். வண்டி ஓடினாத்தான் பேச்சு வரும்" என்றார்.

அதில்தான் மண் விழுந்தது. விளையாட்டை நடத்துகிற கம்பெனி மலை, பாலம், மழை எல்லாவற்றையும் புதுசாக்கி ஒரு புதிய பதிப்பை விட்டது. அக்கா வீட்டில் இணையத்துக்குப் பஞ்சமில்லை; அவர் தூங்கி எழுவதற்குள் தானாகவே இறங்கிவிட்டது. மேடத்தின் வீடு ஊருக்கு வெளியே, கேபிள் போகாத தெருவில் இருக்கிறது. அவர் கணவரின் போனிலிருந்துதான் கம்ப்யூட்டருக்கு இணையம் எடுப்பார்கள், அதுவும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்து தருவது. லாரி ஓட்ட அது தாராளம். அறுபது ஜிபியை இறக்க வேண்டுமானால் மாதக்கணக்கில் ஆகும், அதுவும் கணவர் மீன் பிடிக்கும் வீடியோ பார்க்காமல் இருந்தால். அந்த மனுஷர் ஜென்மத்தில் தூண்டிலைத் தொட்டதில்லை. ஆனால் யாரோ எங்கோ மீன் பிடிப்பதைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பழைய பதிப்போடு அக்காவிடம் போய்ச் சேரலாம் என்று மேடம் முயன்றார். உங்கள் பதிப்பு பழையது என்று சொல்லித் திரை கதவைச் சாத்தியது.

என் வீட்டில் அளவில்லாத இணையம் உண்டு. மேடத்தின் கணக்கிலேயே உள்ளே போய் விளையாட்டை என் லேப்டாப்பில் இறக்கி வைத்தேன். அவர் ஒரு பென் டிரைவோடு வந்தார். நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள், காப்பி ஆகிவிட்டது என்று எழுந்து நின்றார். இவ்வளவு சீக்கிரமா என்று எனக்கே ஆச்சரியம். வீட்டில் போய்த் திறந்தால் லாரி படம் போட்ட ஐகான் மட்டும் வந்திருக்கிறது. லாரி என் வீட்டிலேயே நிற்கிறது.

அடுத்த வாரம் அவர் வீட்டிலிருந்த பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். ஐகானை விட்டுவிட்டு முழு ஃபோல்டரையும் பிடித்தோம். பாதியில் நின்றது. டிஸ்க் முக்கால்வாசி காலி, ஆனாலும் கோப்பு பெரிதாக இருக்கிறது, வாங்கமாட்டேன் என்கிறது. தேடிப் படித்ததில் விஷயம் தெரிந்தது. அந்த டிஸ்க் பழைய முறையில் ஃபார்மட் ஆனது, அந்த முறையில் நாலு ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக வந்தால் ஏற்காது. பனிமலை முழுவதும் ஒரே கோப்பில் இருந்தது. பேசாமல் வீட்டுக் கம்ப்யூட்டரையே கழற்றிக் காரில் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார் மேடம். அவ்வளவு வயரையும் திரும்ப மாட்ட தன்னால் ஆகாது என்று அவர் கணவர் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

இப்படி இரண்டு சனிக்கிழமை போன பிறகு அக்கா போனில் ஒரு குண்டைப் போட்டார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் லாரி ஓட்ட வருகிறாராம், பொம்பளை என்னமாய் ஓட்டுகிறார் தெரியுமா என்றாராம். மேடத்துக்கு வயிறெரிந்தது. "பல்லைப் புடுங்கறவங்களுக்கு லாரி என்னத்துக்கு?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார், ஏதோ நான்தான் அந்த டாக்டரை அனுப்பிவைத்ததுபோல். சிக்னலில் பச்சை விழுந்தும் என்னைப் போகச் சொல்லவில்லை. "இந்த வாரமும் நான் போகலேன்னா அக்கா அவங்களோடயே பழகிடுவா மேடம்."

மூன்றாவது சனிக்கிழமை மதியமே வந்துவிட்டார். டிஸ்க்கைப் புதிய முறையில் ஃபார்மட் செய்தால் தீர்ந்தது, ஆனால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். இருப்பது என்னவென்று பார்த்தேன். அத்தனையும் மீன். கணவர் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த வீடியோக்கள், அதில் ஒரு மீன் தொலைந்தாலும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். முதலில் மீன்களை எல்லாம் என் லேப்டாப்புக்கு ஏற்றினோம். அது ஊர்வதைப் பார்த்து மேடம் நகத்தைக் கடித்தார். பிறகு ஃபார்மட் செய்து முடிப்பதற்குள் நாலரை ஆகிவிட்டது. இனி டிஸ்க்கில் ஏற்ற ஒரு முக்கால் மணி, அவர் வீட்டில் இறக்க இன்னொரு முக்கால் மணி, நடுவில் பயணம் வேறு. கூட்டிப் பார்த்தால் ஆறு மணியைத் தாண்டியது. அன்றைக்கு என் கிளாஸ்தான் கடைசி, அது எப்போதும் அவர் வீட்டு வாசலில்தான் முடியும். போகும்போதே ஏற்றிவிடலாம் என்றார் மேடம்.

அப்படியாக லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். டிஸ்க்கின் வயர் கொஞ்சம் தளர்வு, அசைந்தால் கழன்றுவிடும். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கழன்றால் மலைக் கோப்பு மறுபடி முதலிலிருந்து. "இன்னைக்கு பிரேக் உங்க பொறுப்பு. நான் மிதிச்சேன்னா எல்லாம் போச்சு" என்றார். நான் கிளட்ச்சை விட்டேன், வண்டி ஒரு குதி குதித்தது, வயர் கழன்றது. அவர் திட்டவில்லை. ஆறு மாதத்தில் முதல்முறையாக அவர் திட்டாமல் இருந்தது எனக்குக் கிலியைக் கிளப்பிவிட்டது. வயரை மாட்டி, திரும்பவும் முதலிலிருந்து ஏற்றச் சொல்லிவிட்டு, போங்க என்று மட்டும் சொன்னார்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். கார் ஓட்டுகிறவளுக்கு அது வந்தால் என்ன ஆவது? ஆனால் வேறு வழியில்லை. எதிரே ஒரு பஸ் வந்தது, பக்கத்திலிருந்து கால் நீளும் என்று காத்திருந்தேன், நீளவில்லை, நானே ஒதுக்கினேன். வேகத்தடையில் தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் ஏறி இறங்கினேன். அவர் வாயிலிருந்து சதவீதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மெயின் ரோட்டுக்கு வந்ததும் மூன்றாவது கியர் போட்டேன். எனக்கு ஏதோ கிறுக்குப் பிடித்ததுபோல் சிரிப்பு வந்தது, மேடமும் சிரித்தார், சிரித்தால் வயர் ஆடுகிறது என்று இருவரும் சிரிப்பை அடக்கினோம். ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் ரயிலைச் சபித்துக்கொண்டிருக்க, அசையாமல் நிற்கக் கிடைத்த சந்தோஷத்தில் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். கேட் திறப்பதற்குள் பனிமலை ஏறி முடிந்திருந்தது.

கடைசியில் மேம்பாலம். ஏற்றத்தின் நடுவில் ஒரு தண்ணீர் லாரி நின்றுவிட்டது, எனக்குப் பின்னால் மூக்கை உரசிக்கொண்டு ஒரு வேன். ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, எப்போதும் அவர் பிரேக்தான் காப்பாற்றும். ஓரக்கண்ணால் அவர் பக்கம் பார்த்தேன். பழக்கத்தில் கால் தானாக மிதித்துவிடுமோ என்று பயந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு என்னைக் காப்பாற்ற யாரும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கிளட்ச்சைப் பாதி விட்டு, வண்டி முனகும் வரைக்கும் காத்திருந்து, மெல்ல எடுத்தேன். ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை. அதைக் கவனிக்காமல் அவர் தொண்ணூற்றாறு என்றார்.

வாசலில் கணவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விரதம் இருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு மீனைக்கூடப் பார்க்கவில்லையாம், அன்றைய இணையம் முழுசாக இருக்கிறதாம். தன் மீன்கள் பத்திரமா என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வழிவிட்டார். வீட்டுக் கம்ப்யூட்டரில் முதலில் இறக்கத் தொடங்க வேண்டும், உடனே நிறுத்த வேண்டும். அது உண்டாக்கிய ஃபோல்டரில் நாம் கொண்டுவந்ததைக் கொட்டிவிட்டு, மறுபடி தொடரச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது இருப்பதை எல்லாம் சரிபார்த்து, குறைவதை மட்டும் இணையத்தில் கேட்கும். கிளட்ச் மிதி, நியூட்ரல் பண்ணு, கியர் போடு என்று மேடம் தனக்கே பாடம் சொல்லிக்கொண்டு செய்தார். கோப்புகள் இறங்க இறங்க மணி ஆறைத் தாண்டியது, ஆறரையும் தாண்டப் பார்த்தது. மூவரும் திரையை முறைத்துக்கொண்டு நின்றோம். சரிபார்ப்பு முடிந்து, ஒரு துக்கடா மட்டும் வேண்டும் என்று கேட்டது. கணவர் போனை எடுத்து உயிர்ப்பித்தார். அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பார்க்க வேண்டுமே.

எனக்கும் கேட்கட்டும் என்று மேடம் ஹெட்போனை மாட்டாமல் ஸ்பீக்கரில் போட்டார். திரையில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. கடைசியாக அக்காவும் தங்கையும் வண்டியை நிறுத்திய இடம் அது. அங்கே ஒரு சிவப்பு லாரி நாலு பக்கமும் விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றது. அக்கா வண்டி என்றார் மேடம், கிசுகிசுப்பாக. அதற்குப் பின்னால் வெள்ளையாக இன்னொரு லாரி. அதைப் பார்த்ததும் மேடத்தின் முகம் சுருங்கிவிட்டது.

முதலில் பேசியது வெள்ளை லாரிதான்.

"நீங்கதானே தங்கச்சி? அப்பாடா, வந்தீங்களே. மூணு வாரமா உங்க அக்கா இந்த பங்க்கை விட்டு என்னை ஒரு அடி நகர விடல. வாரா வாரம் வர்றோம், உங்க ஊர் ஏழு மணி வரைக்கும் இங்கயே நிக்கறோம், போறோம்."

மேடம் சிவப்பு லாரியைப் பார்த்துத் திரும்பினார். "அவங்க என்னமா ஓட்டறாங்கன்னு சொன்னியே?" என்றார்.

"அப்படிச் சொன்னாத்தானே நீ சீக்கிரம் வருவே" என்றது அக்காவின் குரல். "முன்னாடி போடி. நீ போகாம எனக்கு வழி தெரியாது."

மேடம் ஹார்னை அழுத்தினார். அக்கா தன் ஹார்னை அழுத்தினார். பல் டாக்டரும் சேர்ந்துகொண்டார். மேடத்தின் கணவர் பயந்துபோய் ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தார்.