சஹனில் நாலாவது துண்டு

சகோதரிகளே, முந்தாநாள் நடந்ததை இன்று எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஸஹ்லா போன வருடம் உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் வினாத்தாளைப் பாதியில் வைத்துவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே வந்தவள். காபனேற்று என்று ஒரு அயன். நடுவில் ஒரு காபன், சுற்றி மூன்று ஒட்சிசன்கள். அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பிணைப்புகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லியிருந்தார்கள். படத்தில் ஒன்று இரட்டைப் பிணைப்பு, மற்ற இரண்டும் ஒற்றை. ஆனால் விடையில் மூன்றும் ஒரே நீளம் என்று படித்த ஞாபகம். ஏன் என்று தெரியவில்லை. மூச்சு முட்டியது, எழும்பிவிட்டாள்.

அதன்பிறகு அந்தப் புத்தகத்தைக் கண்டாலே அவள் விரல்கள் குளிர்ந்துவிடும். எங்களோடு இருந்து சாப்பிடுவதையும் விட்டுவிட்டாள்.

“இந்த முறையும் எழும்பி வந்திருவன் உம்மா. என்ன அனுப்பாதீங்க” என்பாள்.

நான் கலைப்பிரிவில் படித்தவள். அவள் வாப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. எங்களுக்கு இரசாயனம் தெரியாது. ஓதிய தண்ணீர் கொடுத்தேன். அதட்டினேன். அழுதேன். ஒன்றும் சரிவரவில்லை.

பரீட்சைக்கு முந்திய கிழமை கரைத்தீவில் என் மதினி ரிஸானாவுடைய மகனின் வலீமா, கலியாண விருந்து. வரமாட்டேன் என்றவளை வற்புறுத்திக் கூட்டிப் போனேன். அங்கே நண்பகல் ளுஹர் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் நெடுநேரம் கிடந்தேன். புள்ளி கேட்கவில்லை. பல்கலைக்கழகம் கேட்கவில்லை. யா அல்லாஹ், கடைசி மணி அடிக்கும்வரை என் பிள்ளையை அந்தப் பரீட்சைக் கதிரையில் இருத்து என்று மட்டும் கேட்டேன். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

வழமையாக ஒரே சஹன் தட்டில் சேர்ந்து சாப்பிட ஆறு பேர் சுற்றி இருப்போம். மதினி விருந்து கொடுக்கும் வீட்டுக்காரி என்பதால், எல்லாரும் உண்டு முடித்தபிறகுதான் அவள் உட்கார்ந்தாள். எங்களையும் காக்க வைத்துவிட்டாள். ஆகவே மதினி, நான், ஸஹ்லா, மூன்றே பேர். சோற்றின்மேல் நாலு துண்டு கோழி. ஆளுக்கொன்று எடுத்தோம். மிஞ்சியதைச் சஹனில் யாரும் தன் பக்கம் இழுப்பதில்லை. மதினி அதைப் பிய்த்து மூன்று பக்கமும் தள்ளினாள். ஸஹ்லா கையைச் சோற்றில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, துண்டு எங்க போவுதெண்டு காவல் இருக்கிறியா? சாப்பிடு.”

“மாமி, அந்த நாலாவது இப்ப ஆர்ட்ட இருக்கு?”

“எல்லார்ட்டயும்தான்.”

“முறை வெச்சு இல்லயே? முதல்ல ஒங்களுக்கு, பொறகு உம்மாக்கு, பொறகு எனக்கு எண்டு?”

“முறை வெச்சுத் தின்ன இது என்ன, தண்ணி பவுசர் வண்டி லைனா?”

மகள் சிரித்தாள். எத்தனை மாதமாக நான் கேளாத சிரிப்பு.

“உம்மா, அந்த இரட்டைப் பிணைப்பு ஒரு ஒட்சிசன்ல இருந்து மத்ததுக்குப் பாயுதெண்டு நெனச்சிட்டிருந்தன். புத்தகத்துல மூணு படம் கீறியிருக்கு. மூணுல ஒரு பங்கக் கோடாக் கீற ஏலாதே, அதுக்காகத்தான் மூணு படம். உண்மையில அயன் ஒண்டுதான். நாலு பிணைப்பு, மூணு பேர். ஆளுக்கு ஒண்டும் மூணுல ஒரு பங்கும். இதத்தான் பரிவு எண்டு படிப்பிச்சாங்க.”

“அப்ப நீளம்?” எங்கள் வீட்டில் ஒரு வருடமாக யாரும் வாயில் எடுக்காத சொல்லை நானே கேட்டேன்.

“பங்கு கூடினா கிட்ட இழுக்கும். ஒற்றையவிடக் கட்டை, இரட்டையவிட நீளம். மூணும் ஒரே அளவு.”

“ஆறு பேர் இருந்தா?” என்றாள் மதினி.

“பங்கு குறையும் மாமி. தள்ளித்தான் இருக்கணும்.”

“என்ட மகன்ட வலீமாவுல நான் தள்ளி இருக்கவா? நல்ல படிப்புத்தான்.”

ஸுஜூதில் கேட்டதற்குப் பதில் வரத் தொடங்கிவிட்டது என்று எனக்குப் பட்டது. தொழுத இடத்தில் விரித்த பாய்கூட இன்னும் சுருட்டப்படவில்லை.

முந்தாநாள் இரசாயனவியல் பரீட்சை. வாசலுக்கு எதிரே நின்றேன். இடையில் ஒரு பிள்ளை வெளியே வந்தாள். முகம் தெரிய எட்டிப் பார்த்தேன். அவள் வேறு யாரோ. பிறகு மணி அடித்தது. என் மகள் கூட்டத்தோடு கூட்டமாக, சினேகிதியோடு தர்க்கித்தபடி வந்தாள்.

“உம்மா, இந்த முறை ரெண்டு அயன், நடுவுல நைத்திரசன். ஒண்டுல மூணு ஒட்சிசனுக்கு நாலு பிணைப்பு, மத்ததுல ரெண்டு ஒட்சிசனுக்கு மூணு. எதுல பிணைப்பு கட்டை எண்டு கேட்டிருந்தாங்க. ரெண்டாவதுல எண்டு எழுதினன். அங்க ஆளுக்கு ஒண்டரை.”

ரோட்டிலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். “ஆக்கள் பாக்கிறாங்க, விடுங்க” என்றாள். விடவில்லை.

பெறுபேறு வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அது எப்படி வருமோ தெரியாது. அதுவரை பொறுத்திருந்து நன்றி சொல்ல எனக்கு மனம் கேட்கவில்லை. நான் கேட்டது குறையாமல் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். முன்பெல்லாம் நீண்ட துஆக் கேட்டுவிட்டு, நடக்குமோ என்று பயந்துகொண்டே எழும்புவேன். இப்போது பயம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் எழும்பும்போது உடம்பு இலேசாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம். உங்களுக்கு விளங்காத பாடமாக இருந்தாலும் துஆக் கேளுங்கள். ஓர் அணுவை மற்றதிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று அறிந்தவனிடம்தான் உங்கள் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறீர்கள்.