முதலாளியம்மாவின் இடப்பக்கம்

மெத்தைக்காரர் எந்த வாடிக்கையாளரையும் ஓர் அறிவுரை கூறாமல் கடைவாசலைத் தாண்ட விட்டதில்லை.

"மெத்தையை அப்பப்போ திருப்பிப் போடுங்க. ஒரே எடத்துல உக்காந்தா எப்பேர்ப்பட்ட பஞ்சும் பள்ளமாயிடும். அப்புறம் என் தையலைக் குத்தம் சொல்லக் கூடாது."

சோபாவைச் சுமந்து வந்தவர், டாக்ஸியின் இருக்கையைக் கழற்றிக்கொண்டு வந்தவர், பல் மருத்துவரின் நாற்காலிக்கு உறை மாற்ற வந்தவர் என எல்லாருக்கும் இதே பாட்டுதான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒருவரும் திருப்பிப் போட மாட்டார்கள். பள்ளம் விழுந்த மெத்தை மீண்டும் அவரிடமே வந்து சேரும். அவர் சொல்லை ஊர் கேட்காததால்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது என்று மைத்துனர் கேலி செய்வார்.

இளமையில் அவர் ஒரு பேருந்துப் பணிமனையில் இருக்கை தைக்கும் வேலை பார்த்தார். ஒருநாள் நண்பகலில், ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண் வந்து எதிரே நின்றாள்.

"நீங்கதான் சீட்டு தைக்கிறவரா? உங்க சீட்டு வலது பக்கம் சாயுது. நேர் ரோட்டுலகூட வளைவுல போற மாதிரியே இருக்கு."

"என் சீட்டு சாயாதும்மா. நீங்க உக்கார்ற விதம் அப்படி."

"ஆமாமா, கோணல் எனக்குத்தான். வந்து வச்சுப் பாருங்க உங்க ரசமட்டத்தை."

வைத்துப் பார்த்தார். கண்ணாடிக் குழாய்க்குள் இருந்த குமிழி நடுவில் நிற்காமல் நழுவியது. இருக்கையைப் பிரித்து மீண்டும் தைத்தார். அது சரியாக இருக்கிறதா என்று கேட்கும் சாக்கில், அவளுடைய பேருந்து திரும்பும் நேரமெல்லாம் பணிமனை வாயிலில் நின்றார். அடுத்த ஆண்டு திருமணம் ஆயிற்று. பிறகு அந்த வேலையை விட்டு, வீட்டின் முன்னறையிலேயே சொந்தக் கடை போட்டார். மனைவி பேருந்து ஓட்டுவதைத் தொடர்ந்தாள். குழந்தைதான் நெடுங்காலம் வரவில்லை. வருமென்ற நம்பிக்கையை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிய பிறகு, ஒரு பெண் பிறந்தது.

மனைவியின் விடுப்பு முடிந்ததும், குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையதாயிற்று. தையல் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே மரத்தொட்டிலைப் போட்டார். ஆணிப்பெட்டியையும் சுருள்கம்பிகளையும் உயரே ஏற்றினார். பசை தடவும் வேலையை, மனைவி வீடு திரும்பிய பின், கொல்லைப்புறத்தில் வைத்துக்கொண்டார். குழந்தை மல்லாந்து கிடந்து, முகத்தை வலப்பக்கம் திருப்பி, ஓடும் இயந்திரத்தையும் அதன்முன் குனிந்திருக்கும் அப்பாவையும் பார்த்தபடியே பொழுதைக் கழித்தது. அழாது, சிணுங்காது. கல்லாவில் அமர்ந்து ஆட்களை வேலை வாங்கும் தோரணை அதற்கு இருந்ததால், 'முதலாளியம்மா' என்று பெயர் விழுந்தது.

"எங்க முதலாளியம்மா மாதிரி சமத்து இந்த ஊர்ல கெடையாது. போட்டது போட்ட எடத்துல கெடக்கும்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் அவர் பெருமை அடித்துக்கொண்டார்.

கேலி செய்யும் அந்த மைத்துனர், மனைவியின் அண்ணன், அடுத்த தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருமகளின் கண்ணில் விழும் முன்மயிரைச் சற்றுக் குறைத்துவிடுவதற்காகக் கத்தரிக்கோலுடன் வந்தார். தங்கை குழந்தையை மடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அசையுதா பாரு! தலையை ஆட்டாத கிராக்கி என் வாழ்க்கையிலேயே இது ஒண்ணுதான்."

பாதி மயிர் வெட்டியாயிற்று. அளவு சரியா என்று பார்க்க அவர் எழுந்து நின்று, குழந்தையின் உச்சந்தலையை மேலிருந்து நோக்கினார். கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"மாப்ளே, இங்க வா. என் பக்கத்துல நின்னு பாரு."

"என்னத்தைப் பாக்கணும் மச்சான்?"

"ரெண்டு காதையும் பாரு."

மெத்தைக்காரர் பார்த்தார். பின்தலையின் வலப்பக்கம், சுவரில் வைத்துத் தேய்த்தாற்போலத் தட்டையாக இருந்தது. வலக்காது இடக்காதைவிட முன்னே தள்ளி நின்றது. நெற்றியும் அந்தப் பக்கம் சற்றுப் புடைத்திருந்தது. முன்னாலிருந்தே பார்த்துப் பழகிய முகத்தில் இதுவரை ஒன்றும் தெரிந்ததில்லை.

"ஊருக்கெல்லாம் திருப்பிப் போடு, திருப்பிப் போடுன்னு சொல்ற ஆளு..." என்று மைத்துனர் வழக்கமான கேலியில் தொடங்கினார். மெத்தைக்காரரின் முகத்தைக் கண்டதும் மீதியை விழுங்கிக்கொண்டார். கத்தரிக்கோலை உறையில் செருகி, "தலை சரியாகட்டும்மா. மிச்சத்தை அப்புறம் வெட்டுறேன்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தை மருத்துவர் பரிசோதித்து, மண்டையோட்டு எலும்புகளில் கோளாறு ஏதுமில்லை என்று உறுதிசெய்தபின், இயன்முறை மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அம்மையார் நாற்காலியை நாடாமல் தரைவிரிப்பில் அமர்ந்தே வேலை செய்பவர். கவராயம் போன்ற ஒரு கருவியால் சின்னஞ்சிறு தலையைக் குறுக்காக இருபுறமும் அளந்தார். கழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மூளைக்கு ஒண்ணும் ஆகாது. மொதல்ல அந்தப் பயத்தை விடுங்க. மண்டை இன்னும் இளசா இருக்கு. ஒரே பக்கம் படுத்துப் படுத்து அமுங்கியிருக்கு. கழுத்துல இந்தத் தசையும் இறுகிடுச்சு. அதனாலதான் இடது பக்கம் திரும்பக் கஷ்டப்படுறா."

"இது எங்களால வந்ததா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள். மெத்தைக்காரர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனையோ குழந்தைங்களுக்கு வர்றதுதான்மா. தூங்குறப்ப மல்லாக்கத்தான் போடணும், அதை மாத்திடாதீங்க. முழிச்சிருக்கிறப்ப, பக்கத்துலயே இருந்துகிட்டு, கவுத்துப் போடுங்க. தொட்டில்ல தலைமாட்டைக் கால்மாட்டா மாத்துங்க. உங்களைப் பாக்கணும்னா இடது பக்கம் திரும்பித்தான் ஆகணும். அதுதான் மருந்து."

"சரியாகலேன்னா?"

"அளவெடுத்து ஒரு தலைக்கவசம் செய்வாங்க. மாசக்கணக்குல, நாள் முழுக்கப் போட்டிருக்கணும். அது கெட்டது இல்ல. ஆனா இல்லாமலே சரியாச்சுன்னா நல்லதுதானே? தள்ளிப் போட முடியாது, தலை வேகமா வளர்றது இப்பத்தான். முயற்சி பண்ணுவோம்."

கழுத்தை மெல்ல நீட்டித் திருப்பும் பயிற்சியையும் கற்றுக்கொடுத்தார். மெத்தைக்காரரின் காதில் கவசம் என்ற ஒரு சொல்லே தங்கியது. நுரையும் வார்ப்பட்டையும் வைத்துச் செய்த கூட்டுக்குள் ஒரு தலை எப்படிப் புழுங்கும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

அவருடைய கை சும்மா இருக்கவில்லை. பின்தலை எங்கும் அழுந்தாதவாறு, நடுவில் குழிவிட்டு, வளையமாக ஒரு தலையணை தைத்தார். தையலின் முடிச்சு ஒன்றுகூடத் தோலில் படாது. அதைப் புதுத்துணியில் சுற்றி, அடுத்த முறை இயன்முறை மருத்துவரிடம் எடுத்துச்சென்றார். அம்மையார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்வளவு அழகா தைச்சிருக்கீங்க! ஆனா இதைத் தொட்டில்ல போடாதீங்க."

"இதைவிட மெதுவானது எங்கயும் கெடைக்காதும்மா."

"அதுதான் பயமே. மூக்கு இதுல புதைஞ்சா எடுத்துக்க அவளுக்குத் தெரியாது. கெட்டியான மெத்தை, மேல இறுக்கமா ஒரு விரிப்பு. வேற ஒண்ணுமே வேண்டாம்."

திரும்பும் வழியில், "மெத்தைக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தலையணை கெடையாதுன்னு வெளியில சொல்லிடாதீங்க, பொழைப்பு போயிடும்" என்று மனைவி சீண்டினாள். அவர் சிரிக்கவில்லை. மகளுக்கென்று தம்மால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தார்.

சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்யத் தொடங்கினார்கள். தொட்டிலைத் தலைகால் மாற்றிப் போட்டார்கள். இப்பொழுது இயந்திரம் குழந்தையின் இடப்பக்கமும் சுவர் வலப்பக்கமும் ஆயின. ஒவ்வொரு முறை துணி மாற்றும்போதும் கழுத்துப் பயிற்சி நடந்தது. கவிழ்த்துப் போட்டால் முதலாளியம்மா கடையே அதிரக் கத்தும். மெத்தைக்காரரும் எதிரே குப்புறப் படுத்து, முகத்தோடு முகம் வைத்துச் சமாதானம் பேசுவார். டாக்ஸிக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "யாருக்குங்க வைத்தியம், உங்களுக்கா பாப்பாவுக்கா?" என்று கேட்டார்.

ஆயினும், சில வாரங்கள் கழித்து அளந்தபோது கருவி பழைய அளவையே காட்டியது.

"அசையவே இல்லையே" என்று அம்மையார் நெற்றியைச் சுருக்கினார். "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா கவசத்துக்கு எழுதிடலாம்."

மறுநாள் மனைவியின் பேருந்து பழுதாகி நின்றுவிட, அவள் பிற்பகலிலேயே வீடு திரும்பினாள். கடையில் இயந்திரத்தின் ஓசை கேட்கவில்லை. முக்காலியிலும் ஆளில்லை. உள்ளே வந்து பார்த்தால், தொட்டிலுக்கும் சுவருக்கும் இடையே, முழங்கால் மோவாயில் இடிக்க, கணவர் ஒடுங்கி உட்கார்ந்து கையால் தைத்துக்கொண்டிருந்தார். குழந்தை வலப்பக்கம் திரும்பி அவரைப் பார்த்துக் கைகாலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, அங்க என்ன பண்றீங்க?"

"கைவேலை. இது மெஷின்ல வராது."

"சுவத்தோட ஒட்டிக்கிட்டா?"

அவர் ஊசியைத் துணியில் குத்திவைத்தார். "நீ பகல்ல பாத்ததில்ல. தொட்டிலை மாத்துனதுலேர்ந்து அவ வெறுஞ் சுவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கிறா. நான் மெஷின்கிட்ட இருக்கேன், அவ சுவத்துப் பக்கம் என்னைத் தேடிச் சிணுங்குறா. எப்படித் தாங்குறது? கொஞ்ச நேரம் இப்படி வந்து உக்காருவேன். சிரிப்பா."

"கொஞ்ச நேரமா?"

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். கையால் தைக்க வேண்டியவை எல்லாம் முடிந்து அடுக்காக இருந்தன. இயந்திரத்தில் தைக்க வேண்டியவை மலையாகக் குவிந்து கிடந்தன. அவரும் அப்பொழுதுதான் அதைப் பார்த்தவர்போலப் பார்த்தார்.

"தொட்டிலைத் திருப்பினோம், நீங்களும் கூடவே திரும்பிட்டீங்க" என்றாள் மனைவி. சண்டை பிடிக்க வேண்டிய இடந்தான். அவள் தொட்டிலின் மறுபுறம் தரையில் உட்கார்ந்து, மரச்சட்டங்களின் ஊடே அவரைப் பார்த்தாள். "அவளை அழவிடுங்கன்னு சொல்லல. பேசுங்க, பாடுங்க, மெஷினை ஓட்டுங்க. எடத்தை மட்டும் மாத்தாதீங்க. அவ உங்களைத் தேடி வரணும்."

"வரலேன்னா?"

"வருவா. என் பொண்ணு, புகார் சொல்லவாவது வருவா."

மறுநாள் மைத்துனரின் கடைக்கு விடுமுறை. தங்கையின் ஆணைப்படி அவர் காவலுக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் சட்டமாக அமர்ந்தார்.

"எந்திரிச்ச, ஸ்டூலோட சேத்துத் தைச்சுடுவேன் மாப்ளே."

குழந்தை சுவரைப் பார்த்துச் சிணுங்கத் தொடங்கியது. மெத்தைக்காரர் பாதி எழுந்தார், மைத்துனர் இருமினார், அவர் உட்கார்ந்தார். இயந்திரத்தை மெல்ல ஓட்டினார்.

"முதலாளியம்மா, டாக்ஸி சீட்டுக்கு ஓரம் அடிச்சாச்சு. பல் டாக்டர் நாற்காலி பாக்கி. இந்தப் பக்கம் பாருங்க, அப்புறம் வேலையே நடக்கலேன்னு சொல்லப்படாது."

மோவாய் கூரையை நோக்கி மெதுவாக ஏறியது. அங்கே திகைத்து நின்று, பழையபடி சுவருக்கே சரிந்தது. சிணுங்கல் அழுகையாயிற்று. அவர் பேச்சை நிறுத்தவில்லை. மோவாய் மீண்டும் ஏறியது, மீண்டும் சரிந்தது. மைத்துனர் கேலியை மறந்து தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை ஏறியபோது, உச்சியைத் தாண்டி இந்தப் பக்கமாகச் சற்றே வழுக்கியது. இடக்கண் அப்பாவைக் கண்டது. ஓடிப்போன வேலையாளைக் கண்டுபிடித்த முதலாளியைப் போல முதலில் முறைத்தது; பிறகு வாய் நிறையச் சிரித்தது.

"மாப்ளே," என்று மைத்துனர் தாழ்ந்த குரலில் கூறினார், "மெஷின்ல துணியே இல்ல."

"தெரியும், நீ சும்மா இரு மச்சான்" என்று சொல்லி, அவர் வெறும் ஊசியை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

அதன்பின் அவர் இடம் மாறவில்லை. நாள் செல்லச் செல்ல அந்தத் திருப்பம் எளிதாயிற்று. ஒதுக்கிவைத்த வளையத் தலையணைக்கும் ஒரு வழி பிறந்தது. விழித்திருக்கும்போது, தாம் பக்கத்தில் கண்கொட்டாமல் இருந்தால், நெஞ்சுக்கு அடியில் சிறிய உருளை ஒன்று வைக்கலாமா என்று அவர் அம்மையாரிடம் கேட்டார். வைக்கலாம் என்றார். அன்றே தையலைப் பிரித்து, வளையத்தை உருளையாக்கினார். கவிழ்ந்து கிடக்கும் முதலாளியம்மா அதன்மேல் நெஞ்சை ஏற்றித் தலையை நிமிர்த்தி, இருபுறமும் கடையை மேற்பார்வை செய்தது.

முடிவுசெய்ய வேண்டிய நாளில் அம்மையார் ஒரு முறை அளந்தார். ஐயம் தீர மறுமுறையும் அளந்தார்.

"கவசம் வேண்டாம்" என்று அவர் கருவியை மடக்கினார். "நல்லா உருண்டு வந்திருக்கு. லேசா ஒரு வித்தியாசம் மிச்சம் இருக்கும். உக்காந்து தவழ ஆரம்பிச்சா அதுவும் கொறையும். அப்படியே இருந்தாலும் முடி வளந்தா யாருக்கும் தெரியாது."

வீட்டுக்கு வந்ததும் அவர் குழந்தையின் பின்னால் நின்று, மேலிருந்து நெடுநேரம் பார்த்தார். வலக்காது இன்னும் ஒரு நூலிழை முன்னேதான் இருந்தது.

மனைவி அருகில் வந்தாள். "என்ன, ரசமட்டம் வைக்கப் போறீங்களா? வலது பக்கம் சாயுதுன்னு நாளைக்கு எவனும் புகார் சொல்லிட்டு வர மாட்டான்."

"வந்தா?"

"வந்தா அவனுக்கே கட்டிக் கொடுத்துடலாம். நம்ம வீட்டு வழக்கம் அதுதானே?"

நெடுநாளைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர், வெட்டாமல் விட்ட முன்மயிரைச் சரிசெய்யக் கத்தரிக்கோலுடன் வந்தார். தங்கை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா இயந்திரத்தருகே இருந்தார். குழந்தை ஓசை வந்த பக்கம் திரும்பியது. மாமாவின் கத்தரி மின்னிய பக்கம் திரும்பியது. தெருவில் மணியடித்த சைக்கிளைத் தேடி இன்னொரு பக்கம் திரும்பியது.

"அடி என் ராசாத்தி, தலையை ஆட்டாதடி! காதை வெட்டிடப் போறேன்! மாப்ளே, நீயாவது மெஷினை நிறுத்துய்யா!"

"ஆட்டட்டும் விடு மச்சான்" என்றார் மெத்தைக்காரர், காலை மிதியிலிருந்து எடுக்காமல். "கோணலா வந்தாலும் பரவால்ல."