அத்தானின் கையில் அக்கா

அத்தான் என் கடைப் படிகளில் ஏறி வந்த அன்று, அவரை அத்தான் என்று கூப்பிடுவதை நான் நிறுத்தி ஒன்றரை வருடமாகியிருந்தது. எழுதுவதற்கு வேறு சொல் இல்லாததால் இங்கே அத்தான் என்கிறேன். நேரில் அவருக்கு நான் வைத்திருந்தது 'நீங்கள்' என்ற ஒரு சொல் மட்டும்தான். அதையும் துப்புவது போலத்தான் சொன்னேன்.

நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில், டாட்டூக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் எல்லோரும் பச்சை குத்துகிற கடை என்கிறார்கள். நான் குத்துவது கறுப்பும் சாம்பல் நிறமும் மட்டும். கொழும்பில் மூன்று வருடம் வேலை பழகிவிட்டு வந்து தொடங்கினேன். ஒரு பெண் அந்நிய ஆண்களின் கையையும் தோளையும் பிடித்துக்கொண்டு இருப்பதை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை. கீழே சட்டை தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் படியைப் பார்ப்பார்கள், என்னைப் பார்க்க மாட்டார்கள். அம்மாவும் அப்படித்தான். நீர்வேலியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். என் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எனக்கும் ஊரோடு கோபம்தான். கைபேசியில் யாரோ குத்திய ஓநாயைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று வருகிறவர்களோடு சண்டை பிடிப்பேன். "நீர் ஓநாயை எங்கை கண்டனீர்? அது உமக்கு என்ன செய்தது?" என்று கேட்பேன். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போகாமல் இருந்து கதைக்கிறவர்களுக்குத்தான் நான் வரைந்து கொடுப்பேன். குருநகரில் இருந்து வந்த ஒரு கடற்றொழிலாளி தன் முதுகில் ஒரு வள்ளம் வேண்டுமென்றார். முன்பக்கம் தெரியும்படி வரைந்து காட்டினேன். வேண்டாம், பின்பக்கம் தெரியவேண்டும் என்றார். அவருடைய தம்பி கடைசியாகக் கடலுக்குப் போனபோது கரையில் நின்று அவர் கண்டது அந்தப் பக்கத்தைத்தான்.

அக்கா அத்தானைக் கலியாணம் முடித்து நோர்வேக்குப் போனவள். ஒன்பது வருடம் அங்கே இருந்தாள். கடைசிப் பதினொரு மாதம் அவளுக்குப் புற்றுநோய். அது எங்களுக்குத் தெரியாது. வீடியோவில் வருகிறவள் திடீரென்று குரலில் மட்டும் வரத் தொடங்கினாள். கமரா பழுது என்றாள். சில நாட்களில் அத்தான் எடுத்து, "அவ வேலைக்குப் போட்டா" என்பார். பிறகு ஒரு காலையில் அவரே எடுத்து, எல்லாம் முடிந்துவிட்டது என்றார். செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தோம். மூடிய பெட்டி, அதன் மேலே வெள்ளைப் பூ. பெட்டியைத் திறக்கச் சொல்லி அம்மா கத்தினார். அங்கே எங்கள் பக்கச் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

வருடம் முடிந்து வந்த ஆட்டத்திவசத்தை அவர் இல்லாமலேயே செய்தோம். அது முடிந்து ஆறு மாதத்தில் அவர் என் கடை வாசலில் நின்றார். மெலிந்திருந்தார். நான் இருக்கக் கதிரை காட்டவில்லை.

"ஏன் வந்தனீங்கள்?"

"குத்த வேணும்."

"கொழும்பிலை எத்தினையோ கடை இருக்கு. உங்கடை நாட்டிலையும் இருக்கும்."

"நீர்தான் குத்த வேணும்," என்றார். கைபேசியை எடுத்து மேசையில் வைத்தார்.

கலியாணப் படமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். நெற்றிச்சுட்டியும் சடைநாகமுமாக இருக்கிற அந்தப் படத்தைக் காட்டினால் என்ன சொல்லித் துரத்துவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். படத்தில் இருந்தது ஒரு மொட்டைத் தலை. புருவம் இல்லை, பொட்டு இல்லை. கன்னம் ஒட்டிப்போய், காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. கண்ணைப் பார்த்துத்தான் அக்கா என்று அறிந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உந்தப் படத்தை ஏன் எனக்குக் காட்டுறீங்கள்?"

"இதைத்தான் கையிலை குத்த வேணும்."

"உதைக் கையிலை வைச்சுக்கொண்டு ஊருக்குக் காட்டித் திரியப் போறீங்களோ? பெண்சாதி செத்த கதை சொல்லவோ?"

"அங்கை குளிருக்கு வருசத்திலை பத்து மாதம் கை மூடித்தான் கிடக்கும். ஒருதரும் பாக்காயினம்."

"எங்களுக்குக் காட்டாத முகம். உயிரோடை இருக்கேக்கை காட்டாத முகம்." என் குரல் ஏறியது. கீழே தையல் மெஷின் நின்றது. கேட்கட்டும் என்று இன்னும் உரத்துச் சொன்னேன். "பதினொரு மாதம் பொய் சொன்னனீங்கள். அந்த வாயாலை இப்ப என்னட்டை வந்து குத்தச் சொல்லுறீங்கள்."

"அவதான் சொல்லவேண்டாமெண்டவ. அம்மா தாங்கமாட்டாவாம்."

"அவ சொன்னா நீங்கள் கேப்பீங்களோ? நோயும் வருத்தமும் அவவுக்கு. உங்களுக்கு என்ன வருத்தம்?"

அவர் கைபேசியைத் திரும்ப எடுக்கவில்லை. திரை அணைந்தபோது ஒரு விரலால் தொட்டு மறுபடி ஒளிர வைத்தார். நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கு வரச் சொன்னேன். இரக்கத்தில் சொல்லவில்லை. வரைய வேண்டுமென்றால் அந்தப் படம் என் கைக்கு வரும். அதற்காகச் சொன்னேன். அவர் அதை என் கைபேசிக்கு அனுப்பிவிட்டுப் போனார். வேறு ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பின்னேரம் முழுக்க இருந்து வரைந்தேன். வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையில் அவர் இடது கையின் உட்பக்கத்தை நீட்டினார். முகத்தை எந்தப் பக்கம் திருப்பிக் குத்துவது என்று கேட்டேன். கையைத் தொங்கவிட்டால் எதிரில் நிற்கிறவர்களுக்கு நிமிர்ந்து தெரிகிற மாதிரித்தான் வழமையாகக் குத்துவோம்.

"எனக்கு நிமிர்ந்து தெரிய வேணும். மற்றவைக்கு இல்லை."

கறுப்பு மையில் தண்ணீர் கலந்து நான்கு சாம்பல்களைச் சின்னக் கிண்ணங்களில் எடுத்துக்கொண்டேன். இந்த வேலையில் வெளிச்சத்துக்கு மை கிடையாது. வெளிச்சம் விழுகிற இடத்தில் தோலைச் சும்மா விடவேண்டும், அவ்வளவுதான். அக்காவின் மொட்டைத் தலையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது. அந்த இடத்தில் அவருடைய தோலைத்தான் விடவேண்டியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு உண்மையை எழுதிவிடுகிறேன். ஊசியை வேண்டிய ஆழத்துக்கு மேல் கொஞ்சம் அழுத்தினால் போதும், மை தோலுக்கு அடியில் ஊறிப் பரவும். ஆயுளுக்கும் அந்தக் கை ஈரக் கடதாசி மாதிரி இருக்கும். தாடைக் கோட்டில் வந்தபோது என் கை அதைச் செய்யப் பார்த்தது. மெஷினின் பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டு, தண்ணீர் குடிப்பது போல எழுந்து போனேன். கெடுத்தால் கெடுவது அவளுடைய முகம். அதனால்தான் விட்டேன்.

காதுக்கு மேலே ஒரு பழைய தழும்பு இருந்தது. தலைமயிர் இருந்தவரை யாருக்கும் தெரியாத தழும்பு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவர் சொன்னார்:

"அது நீர் எறிஞ்ச கல்லாம். ஆறு வயசிலை."

நான் நிமிரவில்லை.

"மயிர் கொட்டினாப் பிறகுதான் நான் அதைக் கண்டனான். கேக்கச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவ. தலை நல்ல வடிவா இருக்கு, படம் எடுங்கோ எண்டு அண்டைக்குத்தான் சொன்னவ. அதுதான் இந்தப் படம். அதையும் விடாமல் கீறும்."

"கதைக்காமல் இருங்கோ. கை ஆடுது," என்றேன். அவருடைய கை ஆடவில்லை.

ஆறு மணித்தியாலம் எடுத்தது. முடிந்ததும் கழுவித் துடைத்து, மூடிக் கட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவுவது எப்படி, என்ன பூசுவது என்று எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன். அவர் கட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"அம்மாவைப் பாக்கலாமோ?"

"வேண்டாம்."

"காட்ட வேணும்."

"உதைக் கண்டா அம்மா தாங்கமாட்டா. வராதேங்கோ."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் வந்தார். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை. அம்மா குசினியில் வாழைப்பொத்தி அரிந்துகொண்டிருந்தார். கத்தியை வைக்கவில்லை, எழும்பவும் இல்லை.

"ஏன் வந்தனீர்?" என்றார். முன்பெல்லாம் 'தம்பி' போட்டுத்தான் கதைப்பார்.

அத்தான் நிலத்தில் அம்மாவுக்கு முன்னால் இருந்தார். சட்டைக் கையை மடித்து, கட்டை அவிழ்த்து நீட்டினார். நான் தடுக்க எழுந்தேன், ஆனால் பிந்திவிட்டேன். அம்மா பொத்திக் கறை பட்ட விரல்களால் அவர் மணிக்கட்டைப் பிடித்து, கையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் இந்தப் பொடியன்?"

அம்மா இன்னும் குனிந்து பார்த்தார்.

"உங்கடை மகள், மாமி," என்றார் அத்தான்.

அம்மா ஓங்கி அந்தக் கையிலேயே அடித்தார். ஒரு நாள் புண். அடித்த இடத்தில் மையும் நீருமாகக் கசிந்தது. மறுபடி அடித்தார். அவர் கையை இழுக்கவில்லை. மூன்றாவது அடிக்கு நான் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீயோ கீறினது?"

"ஓம்."

"எதைப் பாத்துக் கீறினனீ?"

"படம் அனுப்பினவர்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை."

"ரெண்டு நாளா உன்ரை போனிலை கிடக்கு. எனக்கு ஏன் காட்டேல்லை?"

அம்மா தாங்கமாட்டார் என்று நினைத்தேன். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அத்தான் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆக்கள்," என்றார் அம்மா. "கொண்டா போனை."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வாழைப்பொத்தி பாதி அரிந்தபடி கறுத்துக்கொண்டு கிடந்தது. அழுகிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அத்தான் கிணற்றடிக்குப் போய்த் தானே கையைக் கழுவினார். நான் உதவப் போகவில்லை. போகிறேன் என்றார். தலையாட்டினேன்.

பின்னேரம் அம்மா போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதன் பிறகு மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. சாப்பாடு போடுவார், வாய் திறக்க மாட்டார். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதா என்று ஒருநாள் கேட்டேன். "உன்ரை வேலையைப் பார்" என்றார். அதுவே அந்த மாதத்தில் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு.

அத்தான் நோர்வேயில் இருந்து ஒரு படம் அனுப்பினார். கை ஆறியிருந்தது. நல்ல வேலை, நானே சொல்கிறேன். கன்னத்தில் மட்டும், அம்மா அடித்த இடத்தில், மை பிடிக்காமல் ஒரு விரல் அகலத்துக்கு வெளிறிப் போயிருந்தது. அங்கேயே ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்யலாமா என்று கேட்டிருந்தார்.

இரண்டு நாள் பதில் போடவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. என் அக்காவின் முகத்தில் அந்த ஊர் ஆள் ஒருவர் ஊசி வைப்பதை நினைத்தபோது அவர்மேல் இருந்ததைவிடக் கூடக் கோபம் வந்தது.

"ஒருதரிட்டையும் குடுக்காதேங்கோ," என்று எழுதினேன். "இங்கை வாங்கோ. நான்தான் செய்வன்."