தவக்காலத்தில் வாங்கி வந்த இசைத்தட்டு

அந்த ஹார்ட் ராக் இசைத்தட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். குழு உடையும் நிலையில் இருந்தபோது பதிவானது அது. பாடகர் தன் தம்பியை அடக்கம் செய்துவிட்டு எத்தனையாவது நாள் ஒலிப்பதிவுக்கு வந்தார், டிரம்ஸ் வாசித்தவர் எந்தப் பாட்டுக்குக் காய்ச்சலோடு உட்கார்ந்தார் என்பதெல்லாம் என் நோட்டில் நாள்வாரியாக இருக்கிறது. பழைய பேட்டிகளைத் தேடிப் படித்துத் தொகுக்க இரண்டு வருடம் ஆனது. இசைத்தட்டு மட்டும் என்னிடம் இல்லை.

என் நண்பரிடம் இருந்தது. கப்பல் இன்ஜினியர், கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஏதோ ஒரு துறைமுகத்தில் அட்டைப் படம் பிடித்துப்போய் வாங்கினாராம். குழுவின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லமாட்டார்.

இந்த விடுமுறைக்கு வந்தவர் ஒருநாள் எனக்கு அதைப் போட்டுக் காட்டினார். மூன்றாவது பாட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"டிரம்ஸ் அடிக்கவனுக்கு உடம்பு சரியில்ல அண்ணாச்சி. இன்ஜின்ல ஒரு சிலிண்டர் சரியா எரியலன்னா இப்படித்தான் ஒரு இழுவை கேக்கும்."

இரண்டு வருடம் படித்து நான் கண்டுபிடித்த வரி அது. "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து போனில் அதே பாட்டைப் பலமுறை கேட்டேன். எனக்கு எந்த இழுவையும் கேட்கவில்லை.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். இனி ஈஸ்டர் வரை அங்கே பாட்டு போடமாட்டார்கள். நாள்காட்டியைப் பார்த்துத்தான் கிளம்பியிருந்தேன். சும்மா கிடக்கப்போகிற தட்டை நான் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். நெற்றியில் சாம்பலோடு அவரே உறையைத் துடைத்துக் கொடுத்தார்.

ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கும்போது, குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம், மில்லர்புரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். எதிர்பாராமல் கப்பலுக்கு அழைப்பு வந்துவிட்டது. மூன்றாம் நாள் விமானம். திரும்பி வர ஒன்பது மாதம் ஆகும்.

"எங்க வீட்டுல இப்ப போட முடியாது, அம்மா கொன்னுருவா. உங்களுக்குத் தவக்காலம் இல்லல்லா, ஒரு பக்கம் மட்டும் கேட்டுட்டுப் போறேன். கப்பல்ல போன்ல கேட்டா தகரத்தத் தட்டுன மாதிரி இருக்கு."

ரெக்கார்டு பிளேயர் அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் துணி மூடி இருந்தது; அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குக் கேட்காத எதையாவது என் வீட்டிலேயே உட்கார்ந்து மறுபடி கேட்டுச் சொல்லிவிடுவார் என்று தோன்றியது.

"ஊசி போயிட்டு தம்பி. சென்னையில சொல்லிருக்கேன், இன்னும் வரல."

கிளம்ப எழுந்தார்.

"சரி, உங்ககிட்டயே இருக்கட்டும். அதப் பத்தி எல்லாம் தெரிஞ்ச ஆளு நீங்கதான."

கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொன்னார். அதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது.

ஊசி வந்துவிட்டது என்று ஒரு போன் செய்திருக்கலாம். அன்று செய்யவில்லை. மறுநாள் நம்பரை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் நாள், விமானம் கிளம்பிய நேரத்தை மட்டும் விசாரித்து என் நோட்டில் குறித்துக்கொண்டேன்.