நாலு இலைக்கு ஒரு வேலி

எனக்கு ஒரு தழும்பு உண்டு. பிறை நிலா மாதிரி அழகாக இருக்கும் என்று அம்மா சொல்வாள். நான் நேரில் பார்த்ததில்லை. கண்ணாடியும் கழுத்தும் சேர்ந்து முயன்றாலும் எட்டாத இடம் அது. ஊருக்குத் திருப்பிக் காட்டவும் முடியாது. அதனால் கதையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது எனக்கு வயது ஏழு. உடம்புக்கு மட்டும் பத்து. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அதை ஒட்டினாற்போல் மாமன் காடு. மாமன் என்றால் அம்மாவின் தம்பி. அவர் காடு முழுக்க மரவள்ளி நின்றது. எங்கள் தோட்டத்தில் கருப்பி நின்றாள். கருப்பி என் ஆடு. குட்டியாக வந்த நாளிலிருந்து என் பக்கத்திலேயே வளர்ந்தவள். நான் தின்னும் எதிலும் பாதி அவளுக்கு. மீதிப் பாதியிலேயே நான் அப்படி இருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கருப்பிக்கு எங்கள் வரப்பில் எவ்வளவு புல் இருந்தாலும் போதாது. கண் தப்பினால் மாமன் காட்டில் நிற்பாள். அங்கே அவள் நாலு இலை கடிப்பதற்குள் மாமன் எங்கிருந்தோ பறந்து வருவார். ஒருமுறை சோற்றுக் கையோடு ஓடிவந்தார். ஒவ்வொரு முறையும் அவள் காதைப் பிடித்து இழுத்துவந்து என்னிடம் ஒப்படைத்துவிட்டு, மூச்சு வாங்க, "கட்டி வெய்யி சாமி, இதுகளுக்கெல்லாம் அது ஆகாது" என்பார். நாலு இலைக்கு இப்படி இரைக்க இரைக்க ஓடும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் மாமன் பெரிய கஞ்சன் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஒருநாள் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னொருக்கா அங்க பூந்துதுன்னா வர்ற சந்தைல வித்துப்போடுவேன்" என்றார். நான் கருப்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். மாமன்தான் குறுக்கே வந்தார்.

"பையன் ஏங்கிப்போவானுங்க மச்சான். நான் ஒரு வேலி போட்டர்றேன், உடுங்க."

"போடு மாப்ள. வேலிய மீறியும் பூந்துதுன்னா சந்தைதான்."

நாலு இலையைக் காப்பாற்ற ஒரு டிராக்டர் நிறையக் கல்காலும் முள்கம்பிச் சுருளும் வந்து இறங்கின. கஞ்சத்தனத்தில் இப்படியும் ஒரு வகை உண்டா என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

மாமன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே பல மாநிலம் சுற்றி வந்தவர். அவர் துளை போட்ட இடத்தில் தண்ணீர் வந்ததோ இல்லையோ, துளை நேராக இருந்தது என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பூமிக்குள் நேராகப் போனவருக்கு மேலே ஒரு வேலியை நேராகப் போடுவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஆனால் எங்கள் வரப்பு ஒரு இடத்திலாவது மட்டமாகக் கிடக்க வேண்டுமே. ஏறும், இறங்கும், நடுவில் மழைத்தண்ணீர் அறுத்துப்போன ஒரு சின்னப் பள்ளம், சற்றுத் தள்ளி ஒரு பெரிய பள்ளம். மாமன் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நூல் கட்டி, நூல் சொன்னபடியே கால் நட்டு, கம்பியை இழுத்து முறுக்கினார். சாயங்காலம் பார்த்தபோது வேலி அளவுகோல் வைத்துக் கோடு போட்டாற்போல் இருந்தது. பூமி மட்டும் அதற்குக் கீழே தன் பாட்டுக்கு வளைந்து போனது.

அப்பா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பள்ளத்துக்கு மேலே மிதந்த அடிக்கம்பியைப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, கம்பி தரையோட போகோணுமா, நூலோட போகோணுமா?"

"நூலு பொய் சொல்லாதுங்க மச்சான்."

"சொல்லாது. ஆடு நூலப் பாத்தா வருது? இதுல அது கொடை புடிச்சுட்டே போகுமே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யார் பக்கம் சிரித்தாலும் அவளுக்கு ஆபத்து.

"சரி, ஆட்டை அவுத்துட்டு வா. பாத்தரலாம்" என்றார் அப்பா என்னிடம்.

"ஆட்டை உட வேண்டாங்க" என்றார் மாமன் அவசரமாக.

எனக்கு அங்கேதான் மூளை வேலை செய்தது. கருப்பி நுழைந்தால் சந்தை. அவளுக்குப் பதில் நான் நுழைய முயன்று, முடியாமல் போனால்? என் உடம்பு முதன்முறையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படப்போகிறது.

"நான் பூந்து பாக்கறேன் மாமா. நானே பூர முடீலன்னா ஆடு எப்படிப் பூரும்?"

"இவனா?" என்றார் அப்பா. "கட்டிலுக்கு அடீல போன பந்தை எடுக்கவே ஆள் கூப்புடறவன்."

ஆட்டின் இடுப்பும் என் இடுப்பும் ஒன்றல்ல என்பது மாமனுக்குத் தோன்றவில்லையோ, தோன்றியும் பேசாமல் இருந்தாரோ, தலையாட்டிவிட்டார். நான் சின்னப் பள்ளமாகத் தேர்ந்தெடுத்துக் குப்புறப் படுத்து ஊர்ந்தேன். தலை போனது. தோள் போனது. அதற்குப் பிறகு எதுவும் போகவில்லை. கால்சட்டையின் பின்பக்கத்தை முள் நன்றாகக் கவ்விக்கொண்டது. முன்னாலும் நகர முடியவில்லை, பின்னாலும் நகர முடியவில்லை.

"மாட்டிக்கிட்டேன்" என்று பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன்போல் கத்தினேன்.

"பாத்தீங்களா மச்சான்" என்றார் மாமன். என்னை விடுவிக்க என் முதுகுக்குப் பின்னால் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். அப்பா என் காலைப் பிடித்தார்.

அப்போதுதான் வேப்பமரத்தடியில் நான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்துக்கொண்டு கருப்பி வந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெரிய பள்ளத்துக்கு நடந்துபோய், லேசாகத் தலையைத் தாழ்த்தி, கோயில் வாசலைக் கடப்பதுபோல் அடக்கமாக உள்ளே போனாள். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து நின்று கொழுந்து இலையாகப் பார்த்துக் கடித்தாள்.

மாமன் பிடித்திருந்த கம்பியை விட்டுவிட்டார். அது வந்து உட்கார்ந்த இடம்தான் தழும்பு. நான் போட்ட சத்தம் யார் காதிலும் விழவில்லை. மாமன் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடி, கருப்பியைக் கீழே சாய்த்து, வாய்க்குள் விரலை விட்டு இலையைத் தோண்டினார்.

"துப்பு சாமி, துப்பு. அக்கா, வெல்லம் கரைச்சுட்டு ஓடியா."

அம்மா வீட்டுக்கு ஓடினாள். அப்பாவும் என் காலைப் போட்டுவிட்டு மாமனோடு சேர்ந்து ஆட்டின் வாயைப் பிடித்தார். என்னைக் கூப்பிடும் 'சாமி' ஆட்டுக்குப் போய்விட்டது. வெல்லத் தண்ணீரும் ஆட்டுக்கே போனது. வேலிக்கு அடியில் மண்ணில் மோவாயை வைத்துக்கொண்டு அத்தனையையும் பார்த்தேன். வெகுநேரம் கழித்துக் கருப்பி எழுந்து நின்று கத்தினாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அதற்கப்புறம்தான் ஒருவருக்கு, "அட, பையன்" என்று ஞாபகம் வந்தது. எனக்கு வெல்லம் இல்லை. டிங்சர்.

மறுநாள் மாமன் தன் நேர்க்கோட்டை விட்டுவிட்டு, பள்ளத்தில் தரையோடு தரையாக வளைத்து இன்னும் இரண்டு வரிசை கம்பி இழுத்தார். இண்டு இடுக்கிலெல்லாம் கல் வைத்து அடைத்தார். அப்பா சந்தைப் பேச்சை எடுக்கவே இல்லை. கம்பி முறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து மாமன் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கருப்பிக்கு ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வந்தார்.

பச்சை மரவள்ளி இலை ஆட்டைக் கொன்றுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே, கட்டிலில் குப்புறப் படுத்துக் கிடந்த அந்த ஒரு வாரமும் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது: ஆட்டின் வாயிலிருந்து அவ்வளவு பாடுபட்டு எடுத்த இலைகளை மாமன் எதை வைத்துத் திரும்பச் செடியில் ஒட்டினார்?