உள்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் தெருத் தச்சருக்கு 'சரிங்க' என்றே பெயர். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் வருவது அதுதான். ஜன்னலைக் கூரையில் வைக்கச் சொன்னாலும் சரிங்க என்று ஏணியைத் தேடுவார் என்று சலூனில் கிண்டலடிப்போம். வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. அவர் இழைத்த கதவில் விரலை ஓட்டினால் எங்கேயும் தட்டாது.

ஒருநாள் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி அவர் பட்டறைக்கு வந்தாள். அப்பா இல்லாதவள். அம்மாவோடு பெரியப்பா வீட்டில் இருந்தாள்.

"மாமா, என் ரூமுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தரணும். இன்னைக்கே."

சரிங்க என்று போனார். திருகாணிகளை முடுக்கி முடிக்கும்போது பெரியப்பா வந்து நின்றார். தெருவில் எந்தத் தகராறு என்றாலும் தீர்த்து வைக்கிற பெரிய மனிதர்.

"சொந்த வீட்டுல யாருக்குப் பயந்து பூட்டிக்கப் போறா? கழட்டுப்பா."

தச்சர் அவளைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஏதோ சரியில்லை என்று அப்போதே பட்டது. ஆனாலும் "சரிங்க" என்று கழற்றினார். ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பெயின்டும் அடித்தார். யாரும் கேட்காமலே செய்த வேலை அது.

சில மாதம் கழித்து அவள் போலீசுக்குப் போனாள். தன் அறைக்குள் பெரியப்பா வந்து செய்ததையெல்லாம் சொன்னாள். தெரு அவர் பக்கமே நின்றது. காலம் கெட்டதற்கு சலூனில் ஒருவர் செல்போனைத் திட்டினார், இன்னொருவர் குடியைத் திட்டினார். பெரியப்பா குடிக்கவே மாட்டார் என்பது நினைவுக்கு வந்ததும், எல்லோரும் சேர்ந்து அந்தப் பெண்ணைத் திட்டினோம்.

"நிஜமா இருந்தா அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்க மாட்டாளா?"

நாற்காலியில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்த தச்சர் பாதியில் எழுந்தார். ஒரு கன்னத்தில் நுரையோடு நேரே ஸ்டேஷனுக்கு நடந்தார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. நினைத்தால் இப்போது கூசுகிறது.

பெண் இன்ஸ்பெக்டர் அவரோடு அந்த வீட்டுக்கு வந்தார். அந்தப் பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். வாசலில் பெரியம்மா மறித்தாள்.

"உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? பேசாம போயிடுங்க."

தச்சர் சரிங்க என்று சொல்லவில்லை. அறைக்குள் போய்க் கதவைத் தடவினார். தானே அடைத்த இடம் தனக்கே தட்டுப்பட வெகுநேரம் ஆனது. திருப்புளியால் சுரண்ட, ஓட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"இந்தப் பொண்ணு தாழ்ப்பாள் கேட்டுச்சும்மா. போட்டுட்டு, அவர் சொன்னாருன்னு நான்தான் கழட்டுனேன்."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். அந்தப் பெண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு என் முகத்தைப் பாத்தீங்கல்ல மாமா?"

"பாத்தேம்மா" என்றார்.